புதுப்பிப்பு: மாப்பிள்ளைச் சம்பா × ஆடுதுறை 43, மூன்றாம் தலைமுறை

மாப்பிள்ளைச் சம்பா, ஆடுதுறை 43 என்ற இரு நெல் ரகங்களைக் கலந்து பெற்ற பயிரின் இரண்டாம் தலைமுறையில் குட்டையாகவும் கதிர் கனமாகவும் இருந்த செடிகளைத் தனித்தனியே அறுத்து வைத்ததை முன்பு எழுதியிருந்தேன். "அந்தக் கனம் அடுத்த விதைப்பிலும் வருமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மன்னார்குடிப் பக்கத்து எங்கள் வயலில் இப்போது பதில் நிற்கிறது.

குட்டை அப்படியே வந்துவிட்டது. ஒரு வரிசையிலும் நெட்டைச் செடி இல்லை. 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 நெல் ரகம் புகழ்பெறச் செய்த அதே ஒடுங்கு மரபணுதான் இது. தாயிடமும் தந்தையிடமும் இருந்து வரும் இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் செடி குட்டையாகும், சேர்ந்தபின் பிரியாது.

விளைச்சல் அப்படி இல்லை. மிகக் கனத்த தாய்ச்செடியின் பிள்ளைகள் சுமாராகவே இருக்கின்றன. தூர் (ஒரு செடியின் அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) எண்ணிக்கை, கதிருக்கு எத்தனை மணி, மணியின் எடை என்று எல்லாம் கூடி வருவது விளைச்சல். ஒவ்வொன்றின் பின்னாலும் பல மரபணுக்கள். மேலே தண்ணீரும் உரமும் வெயிலும். அந்தத் தாய் நின்றதோ வரப்போரம்! வெளிச்சமும் இடமும் தாராளமாகக் கிடைத்த செடி அது. மணி எடை மட்டும் ஓரளவு தாயைப் போலவே இருக்கிறது, மகிழ்ச்சி.

இனி விளைச்சலுக்காகத் தனிச்செடியைப் பொறுக்கப்போவதில்லை. உயரம், வயது, சிவப்பரிசி ஆகியவற்றை இப்போதே பார்த்துக் கழிக்கிறேன். விளைச்சலை ஐந்தாம் தலைமுறைக்குப் பிறகு, ஓரச் செடிகளை விட்டுவிட்டு, பாத்தி பாத்தியாக இரண்டு மூன்று இடங்களில் நட்டு எடைபோடுவேன். சாய்ந்த வரிசைகளைப் பற்றி அறுவடைக்குப் பின் எழுதுகிறேன்.