களவுப் பிரதி சிறிய படத்துக்கு விளம்பரமா, இழப்பா?

உவர்மலை வாசகர்:
நானும் நண்பர்களும் திருகோணமலையிலேயே எடுத்த ஒரு மணி நேரப் படமொன்றை, நகரில் மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து, வரும் மாதம் இரண்டு காட்சிகளாகத் திரையிட இருக்கிறோம். கமராவுக்குப் பட்ட கடனை நுழைவுச்சீட்டுக் காசில்தான் அடைக்க வேண்டும். கருத்துக் கேட்பதற்காகச் சிலருக்குக் கொடுத்த பிரதி இப்போது டெலிகிராம் குழுக்களில் சுற்றுகிறது. பெயர் பரவினால் ஆட்கள் வருவார்கள் என்கிறார் ஒரு நண்பர். எனக்கோ நித்திரை இல்லை. இதனால் விற்பனை கூடுமா, குறையுமா?

மடத்தடி வாசகர்:
உங்கள் நண்பர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. களவுப் பிரதிகள் பெருமளவில் பகிரப்பட்ட மெகாஅப்லோட் என்ற இணையத்தளம் 2012 ஜனவரியில் மூடப்பட்ட பின் திரையரங்க வசூலை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான படங்களின் வசூல் கூடவில்லை என்றும், நடுத்தரப் படங்களுக்குக் குறைந்தே போனது என்றும், மிகப் பெரிய படங்களே பயனடைந்தன என்றும் கண்டார்கள். இலவசமாகப் பார்த்தவர் வாய்வழியாகச் சொல்ல, காசு கொடுப்பவர் அரங்குக்குப் போனார் என்பது அவர்களின் விளக்கம். ஆனால் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளியீட்டுக்கு முன்பே கசிந்த படங்களின் வசூல், பின்னர் கசிந்தவற்றைவிடச் சராசரியாக 19 வீதம் குறைவு. உங்கள் படமும் வெளியீட்டுக்கு முன்பே கசிந்த வகைதான். வாய்வழிப் பேச்சு பலன் தர வேண்டுமானால் படம் சில வாரங்களாவது ஓட வேண்டும். இரண்டே காட்சிகளில் அந்தப் பேச்சு யாரை அழைத்து வரும்?

முன்னாள் கடைக்காரர்:
தம்பி, நான் பல வருடங்கள் இறுவட்டுக் கடை நடத்தியவன். களவுப் பிரதிகளும் விற்றேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். பெரிய நடிகரின் படத்தைப் பிரதியில் பார்த்தவர்கள் படமாளிகைக்கும் போனார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குத் திருவிழா. நம்மூர்ப் பொடியன் ஒருவன் தன் படத்தின் ஐம்பது இறுவட்டுகளை என்னிடம் தந்தபோது ஏழுதான் விலைபோயின, ஆனால் சில வாரங்களில் அந்தப் படத்தைப் பார்க்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. அவன் அதன்பின் படம் எடுக்கவில்லை. குழு நடத்துபவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது, ஆனாலும் ஊருக்குள் முதலில் பேசுவதே நல்லது.

மூதூர் வாசகர்:
பிரதியைப் பார்த்த எல்லோரையும் இழந்த வாடிக்கையாளராக எண்ண வேண்டாம். மாலைக் காட்சி முடிந்தபின் எங்களுக்கு ஊர் திரும்ப பஸ் கிடைப்பதில்லை. சீட்டு வாங்க மனமிருந்தும் வர முடியாதவர்கள் இங்கே நிறையப் பேர். மூதூரிலும் ஒரு பகல் காட்சி வையுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் காசு செலுத்திப் பார்க்க ஒரு வழியையும் அதே நாளில் திறந்துவிடுங்கள்.

உவர்மலை வாசகர்:
குழு நடத்தும் அண்ணாவிடம் இன்று காலை போய்ப் பேசினேன். பிரதியை உடனே நீக்கிவிட்டார், இறக்கி வைத்தவர்களிடமும் சொல்வதாகக் கூறினார். மூதூர்க் காட்சிக்கு மண்டபம் பார்த்துத் தர முடியுமா?

மூதூர் வாசகர்:
வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாளொன்றைச் சொல்லுங்கள், நாளையே விசாரிக்கிறேன்.