ஈரப் புல்லில் செஸ்னா 152: 800 மீட்டர் போதாதா?

பரணி_152 கேட்டது:
இங்கிலாந்தில் பைலட் லைசென்ஸ் வாங்கிய புதிது. பழகியது முழுக்கத் தார் ரன்வே. அடுத்த மாதம் மனைவியோடு டோர்செட்டின் காம்ப்டன் அபாஸுக்குப் போக ஆசை. குன்றின் மேல் சுமார் 800 மீட்டர் புல் ரன்வே. ஆனால் விபத்து விசாரணைப் பிரிவான ஏஏஐபி மாதாமாதம் போடும் அறிக்கைகளைப் புரட்டினால், புல்லில் இறங்கி வேலிக்குள் போனது, மூக்குச் சக்கரம் ஒடிந்தது என்று வந்துகொண்டே இருக்கிறது. நான் ஓட்டும் இரண்டு இருக்கைச் சிறு விமானமான செஸ்னா 152-இன் கையேடோ 50 அடி உயரத் தடையைத் தாண்டி இறங்கி நிற்க 1,200 அடி போதும் என்கிறது. இருப்பது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அப்புறம் எப்படி வேலிக்குள் போகிறார்கள்?

ஸ்பேனர்_செல்வம்:
தம்பி, நான் பைலட் இல்லை. பைலட்கள் உடைத்துக் கொண்டுவருவதைச் சரிசெய்பவன். அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன்.

அந்த 1,200 அடி காய்ந்த தார் ரன்வேக்கு, 54 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகத்தில் துல்லியமாக வந்தால். அதாவது 366 மீட்டர். பிரிட்டனின் விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான சிஏஏ சொல்வதைப் பெருக்கிப் பார்: ஈரப் புல்லுக்கு 1.35, பாதுகாப்புக்கு 1.43. ஆயிற்றா 706 மீட்டர்? புல் ஒட்ட வெட்டியிருந்து மழையும் பெய்திருந்தால் அந்த 1.35 என்பது 1.6 வரை போகலாம். இப்போது 837. உன் ரன்வே முடிந்துவிட்டது. இன்னும் சரிவையோ பின்காற்றையோ சேர்க்கவில்லை.

இதற்குமேல் வேகம். ‘மனைவி கூட இருக்கிறாள், பத்து நாட் கூடுதலாக வைத்துக்கொள்வோம்’ என்று 64-இல் வந்தால், கரைக்கவேண்டிய ஆற்றல் 40 சதவீதம் கூடுகிறது. மிதந்துகொண்டே பாதி ரன்வே போகும். பொறுக்காமல் மூக்கை அழுத்தித் தரையில் வைப்பார்கள். புல்தரையில் ஒரு மேடு போதும், திரும்ப எகிறும். மறுபடி அழுத்துவார்கள். இரண்டாவது மூன்றாவது குதியில் மூக்குக்கால் மடியும், புரொப்பெல்லர் மண்ணைத் தோண்டும். பார்ப்பவர்களுக்கு வளைந்த புரொப்பெல்லர்தான் தெரியும். எனக்கு அதன்பின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் வேலை, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே கசங்கிப்போன தகட்டுச் சுவரை (ஃபயர்வால்) நிமிர்த்தும் வேலை. பில் வரும்போது முகத்தைப் பார்க்கவேண்டும்!

என்னைக் கேட்டால் புல்லின்மேல் பாதிப் பழிதான். மீதி, முதல் குதியிலேயே முழு பவர் கொடுத்து மேலே போகாத பிடிவாதம்.

வால்சக்கரம்:
புல்லுக்காகவும் ஒருவர் பேசவேண்டுமே. மூக்குக்குப் பதில் வாலில் சக்கரம் உள்ள விமானக்காரர்களுக்குப் புல்தான் பிடிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நழுவி இறங்கினாலும் டயர் வழுக்கி மன்னித்துவிடும். தாரில் அப்படியே சுழற்றிவிடும். பரணி, தரை தொட்டபின்பும் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்தே பிடித்திருங்கள், மூக்குச் சக்கரத்தில் எடை ஏறாது.

பரணி_152:
செல்வம் அண்ணா, பிரேக் பிடித்தால் நிற்காதா?

ஸ்பேனர்_செல்வம்:
ஈரப் புல்லில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், விமானம் சறுக்கும், திருப்பவும் முடியாது. விட்டுவிட்டு மெதுவாகப் பிடிக்கவேண்டும். பிரேக்கை நம்பிக் கணக்குப் போடாதே.

கிளம்புமுன் அந்த ஏரோட்ரோமுக்கு போன் போடு. புல் எவ்வளவு உயரம், நேற்று மழையா, எங்காவது சேறா, கேள். தயங்காமல் சொல்வார்கள். குன்றின் மேல் என்பதால் கடைசிக் கட்டத்தில் காற்று கீழே தள்ளும், அதையும் கேட்டுக்கொள். முதல் தடவைக்குப் பயிற்றுநர் ஒருவரைக் கூட்டிப் போ. மனைவியை அடுத்த தடவை கூட்டிப் போகலாம். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.