டெஸ்க்டாப் சப்போர்ட்டிலிருந்து தகவல் பாதுகாப்புக்கு மாறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் மூன்று ஆண்டுகளாக டெஸ்க்டாப் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். தகவல் பாதுகாப்புத் துறைக்கு மாற விரும்புகிறேன். எத்திக்கல் ஹேக்கிங் வகுப்பு ஒன்றில் சேர, ஓராண்டுச் சேமிப்பு முழுவதையும் கட்ட வேண்டியிருக்கிறது. சேரலாமா, வேறு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:
இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். புதியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது நிறுவனக் கணினிகளில் ஊடுருவல் நடக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் வேலைதான். அங்கே லாக், அதாவது கணினி தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு, படிக்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறோம். நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வியையே சொல்கிறேன். விண்டோஸ் செக்யூரிட்டி லாகில், அதிகாலை இரண்டு மணிக்கு, ஒரே முகவரியிலிருந்து நாற்பது பயனர் பெயர்களுக்குத் தலா ஒருமுறை 4625, அதாவது உள்நுழைவுத் தோல்வி, பதிவாகி, அடுத்து ஒரு பெயருக்கு மட்டும் 4624 என்று வெற்றி பதிவாகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரே கடவுச்சொல்லைப் பலருடைய கணக்கில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லி, அந்தக் கணக்கை முடக்கியபின் எங்கே தேடுவேன் என்றும் விளக்குபவரிடம் நான் சான்றிதழ் கேட்பதில்லை. கணக்குகள் ஏன் பூட்டிக்கொள்கின்றன என்பதை மூன்று ஆண்டுகளாகத் தினமும் பார்த்தவர் நீங்கள். அதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

பதில் 2:
நெட்வொர்க்கையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக் கணினியில், நெட்வொர்க்கில் போய்வரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை நிறுவி, ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது அதன் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி போவதையும், அந்தத் தளத்தோடு டிசிபி இணைப்பு மூன்று பாக்கெட்டுகளில், அதாவது சிறு தரவுத் துண்டுகளில், அமைவதையும் கண்ணால் பாருங்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல், விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் வழியாகப் பரவியபோது, அதற்கான பேட்சை, அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆகவே பேட்ச் போடுவதும் பாதுகாப்பு வேலைதான். லினக்ஸ் பழக ஓவர்திவயர் தளத்தின் பாண்டிட் பயிற்சி இலவசம்.

பழகுவதற்காகப் பிறர் தளங்களில் மட்டும் கைவைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. நல்ல நோக்கத்தில்தான் செய்தேன் என்று பிறகு விளக்குவது மிகவும் கடினம்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று எங்கள் சர்வரைத் திறந்து பார்த்தேன். பதினொரு நாள் லாக் மட்டுமே இருக்கிறது. அதற்கு முந்தையவை அழிந்துவிட்டன.

பதில் 1:
கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், ஊடுருவல் போன்ற நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. இதை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, லாக் சேமிக்கும் பொறுப்பை நீங்களே கேட்டுப் பெறுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதல் வரியாக அதை எழுதலாம்.