பழைய றேஸ் கார்களுக்குப் பொடியும் சில்லும்: உங்கட அனுபவங்களையும் சொல்லுங்கோ

கல்லடியிலிருந்து:

றிமோட் மொடல் காருக்கு மேல மாட்டுற பிளாஸ்டிக் கூட்டை, அதுதான் பொடியை, படத்தில பார்த்து ஆசைப்பட்டு வாங்குறதும், செசியோட, அதாவது கீழ இருக்கிற அடிச்சட்டத்தோட, வந்த சில்லையே அதுக்குள்ள விடுறதும் எங்கட பக்கத்தில வழக்கமாப் போயிற்று. நான் இதுக்கு எதிர்க்கட்சி. முதலில சில்லையும் டயரையும் எடுங்கோ. பொடியில கத்தரிக்கோல் படுறது அதுக்குப் பிறகுதான்.

1960களின் கடைசியில அமெரிக்காவில டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில ஓடின கமாரோ, மஸ்டாங் எல்லாத்துக்கும் 15 அங்குல றிம். எங்கட மொடல் உண்மையான காரில பத்தில ஒரு பங்கு, அப்ப றிம் 38 மி.மீ. வரும். எங்கட டூரிங் கார் செசிகளோட வாற றிம் அதைவிட நல்லாப் பெரிசு, டயரின் பக்கச் சுவரோ மெல்லிசு. அந்தச் சில்லைப் போட்ட 1969 கமாரோவைப் பாருங்கோ, மேலே பழைய கார், கீழே புதுக் கார். எச்பிஐ என்ற மொடல் கார்க் கம்பனியின்ர வின்டேஜ் டயருக்குப் பக்கச் சுவர் உயரம். முன்னுக்கு 26 மி.மீ. அகலம், பின்னுக்கு 31 மி.மீ. பின் டயர் அகலமாக இருக்கிறதாலதான் வண்டி குந்தி நிக்கிற அந்தப் பழைய நிலை வருது. 1970இல பிளிமத் ஏஏஆர் குடா என்ற காரைத் தெருவுக்கு விக்கேக்குள்ளயே பின் டயரை முன் டயரைவிடப் பெரிசாத்தான் போட்டு வித்தாங்கள். ஆகவே இது சும்மா அலங்காரத்துக்குச் செய்த வேலை இல்லை.

றிம்மின் வடிவத்தையும் யோசியுங்கோ. எட்டுக் கம்பி மினிலைட் சில்லு இங்கிலாந்தில மினிக்கென்று வந்தது. பிறகு டிரான்ஸ்-ஆம் மஸ்டாங்கிலயும் ஏறினது. அதனால எட்டுக் கம்பி வடிவம் மினிக்கும் பொருந்தும், மஸ்டாங்குக்கும் பொருந்தும். அளவு மட்டும் வேற வேற.

அடுத்தது பொடியின் நீளம். உண்மையான கமாரோவில முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில 108 அங்குலம், அதாவது 2743 மி.மீ. பத்தில ஒன்று 274. டமியா கம்பனியின்ர டிடி-02 செசியில அந்த இடைவெளி 257தான். பொடி செய்யிற ஆக்கள் இந்த 17 மி.மீ.யை எங்கேயோ விழுங்கத்தான் வேணும். சிலர் கதவில குறைப்பாங்கள், சிலர் முன் மட்கார்டில குறைப்பாங்கள். எனக்குக் கதவைக் குறைச்ச பொடி பிடிக்காது, கார் கூனிப்போன மாதிரித் தெரியும். வாங்க முதல் ரெண்டு சில்லு வளைவின்ர நடுவுக்கும் இடையில எத்தனை மி.மீ. என்று விக்கிற ஆளிட்டக் கேளுங்கோ. படத்தை நம்பிப் பிரயோசனமில்லை.

ஏறாவூரிலிருந்து:

நீங்க சொன்னதோட என்ட கதையையும் சேர்த்துக்கோங்க. எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒரு பழைய கராச். அந்த பாஸ் ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் கழட்டிப் பூட்டியே தலை நரைச்ச மனிசன். நான் மஸ்டாங்கைத் திண்ணையில வச்சு சில்லுப் பூட்டிக்கொண்டிருந்தன். வந்து குந்தினாரு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாரு.

“மனே, நேரா நிக்கக்குள்ள நல்லாத்தான் இரிக்கி. கிறுக்கிப் பாரு.”

றிமோட்டில ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் திருப்பினன். ஒண்டும் முட்டல்ல.

“இப்ப அமத்திப் பாரு.”

அமத்தினதும் கிறீச்செண்டு சத்தம். ஸ்பிரிங் இறங்கக்குள்ள டயர் வளைவின்ட பின் மூலையில உரசுது. மறுகா அவர் செய்ததுதான் விசயம். ஒரு சோக்கட்டித் துண்டை எடுத்து டயர் முழுக்கப் பூசினாரு. பொடியை மாட்டி, ரெண்டு பக்கமும் கிறுக்கிக் கிறுக்கி அமத்தினாரு. பொடியைக் கழட்டிப் பார்த்தா வளைவின்ட உள்பக்கம் வெள்ளைக் கோடு. “இந்தக் கோட்டுக்கு மேல ஒள்ளுப்பம் விட்டு வெட்டு. மத்த இடத்தில கை வைக்காத” எண்டாரு.

அண்டையில இருந்து ஒவ்வொரு பொடிக்கும் நான் இந்தச் சோக்கட்டி வேலைதான் செய்யிறன். வளைவை முழு வட்டமா வெட்டித் தள்ளினா டயரைச் சுத்தி ஓட்டை மாதிரி இடைவெளி விழும். தேவையான மூலையில மட்டும் வெட்டினா டயர் மட்கார்டுக்குள்ள பதிஞ்சு நிக்கும்.

காத்தான்குடியிலிருந்து:

ஏறாவூர்க் காக்கா, அந்த பாஸுக்கு என்ட சலாத்தையும் சொல்லுங்க.

நான் பெயின்ட் பத்திச் சொல்றன். இந்த லெக்ஸான் எண்ட கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பொடிக்குப் பெயின்ட் அடிக்கிறது உள்பக்கம். அதனால எல்லாமே தலைகீழ். மேலால தெரிய வேண்டிய கோடும் இலக்கமும் முதல் அடிக்கணும், பெரிய நிறம் பிறகு. பார்னெல்லி ஜோன்ஸ் 1970இல ஓட்டின 15ஆம் இலக்க பொஸ் 302 மஸ்டாங்கைச் செய்யிறதெண்டா கறுப்பு முதல், செம்மஞ்சள் பிறகு, அதுக்குப் பின்னால வெள்ளை. வெள்ளை அடிக்காட்டி செம்மஞ்சள் சோந்துபோய்த் தெரியும். மார்க் டொனஹியுவின்ட 6ஆம் இலக்க நீலக் கமாரோ லேசு, கடும் நீலத்துக்குப் பின்னால பெரிசா ஒண்டும் தேவைப்படாது. முதல் பொடி செய்யிற ஆக்களுக்கு நான் அந்த நீலத்தைத்தான் சொல்லுவன்.

டமியாவில பிஎஸ் எண்டு போட்ட டின்தான் இதுக்கு. டிஎஸ் எண்டது பிளாஸ்டிக் மொடலுக்கு, அதை அடிச்சா பெயின்ட் கழண்டு வரும். அடிக்க முதல் உள்பக்கத்தைப் பாத்திரம் கழுவுற சோப் போட்டுக் கழுவிக் காயவிடுங்க, பிறகு விரல் படக்கூடா. வெளிப்பக்கத்துப் படலத்தை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் உரிக்கிற.

எங்கட ஊருக்கு இன்னும் ஒண்டு இரிக்கி. மாரியில, கார்த்திகை மார்கழியில அடிச்சா ஈரக் காத்துக்குப் பெயின்ட் வெள்ளைப் புகார் பிடிச்ச மாதிரி மங்கும். ஆடியில கச்சான் காத்துத் தூசியைக் கொண்டுவந்து அப்பும். நான் காத்து எழும்ப முதல், விடியச் சுபஹ் தொழுதுட்டு வந்த கையோட அடிக்கிறன். மெல்லிசா மெல்லிசாப் பல தரம். அவசரப்பட்டு ஒரேயடியா அடிச்சா வழியும்.

நிந்தவூரிலிருந்து:

நாங்க ஓடுறது அரிசி ஆலையில நெல்லுக் காயப்போடுற சீமெந்துத் தளத்தில. அறுவடை முடிஞ்சு தளம் வெறுமையாக் கிடக்கிற காலம்தான் எங்களுக்குச் சீசன். இடம் பெரிசு, மட்டம். ஆனா உமித்தூசு. கூட்டிப்போட்டு ஓடினாலும் முதல் சுற்றுகளில பின்பக்கம் வீசும். டயரை ஈரத்துணியால துடைச்சு விட்டுத்தான் ஒவ்வொரு ஓட்டமும்.

குரோம் றிம்தான் பழைய காருக்கு வடிவு, மறுக்கல்ல. ஆனா குரோமில பசை பிடிக்காது. எங்கட கூட்டாளி ஒருத்தன்ட காரில வளைவில டயர் கழண்டு தனிய உருண்டு போச்சு. டயர் உக்காருற விளிம்பில மட்டும் குரோமைச் சுரண்டி, டயரின்ட உள் விளிம்பை ஸ்பிரிட்டால துடைச்சு, பிறகு சுப்பர் குளூ விட்டா அசையாது. கடக்கரை ஆக்களுக்கு: உப்புக் காத்தில குரோம் மங்கும், பேரிங் துருப்பிடிக்கும். றப்பர் மூடி போட்ட பேரிங்கா வாங்குங்க. ஓடி முடிஞ்சதும் காரைக் கட்டிலுக்குக் கீழ தள்ளாம மண்ணைத் தட்டி, ஒரு துளி எண்ணெய் விட்டு வையுங்க.

கல்முனையிலிருந்து:

மினி பிரியர் யாரும் பேசல்லையே என்று வந்தேன். மொன்டி கார்லோ றாலியை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்ற கார் அது. டமியாவின் எம் என்ற சின்னச் செசியில் 210 மி.மீ. அச்சு இடைவெளிக்கு மினி பொடி கிடைக்கும். உண்மையான மினியில் 2036 மி.மீ., ஆகவே நீளம் கிட்டத்தட்டச் சரி. சில்லுத்தான் பிரச்சினை. மினிக்கு 10 அங்குல றிம், பத்தில் ஒன்று 25 மி.மீ. எம் செசியின் றிம் அதைவிட மிகப் பெரிது. இதற்கு நான் செய்வது, றிம்மின் வெளி விளிம்பைக் கறுப்பு அடித்து, கம்பிகளை மட்டும் வெள்ளை விடுவது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் சில்லு சின்னதாகவும் டயர் தடிப்பாகவும் தெரியும். பீட்டில் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை, அதற்கு 15 அங்குல றிம் என்பதால் அளவு நெருங்கி வரும். அப்பாவிடம் ஒரு பீட்டில் இருந்தது, அதனால் எனக்கு அதில் ஒரு பாசமும் உண்டு.

ஒரு கேள்வி: 190 மி.மீ. அகலச் செசியில் 200 மி.மீ. பொடி போடலாமா?

கல்லடியிலிருந்து:

தம்பி, தாராளமாப் போடலாம். பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி வரும், அவ்வளவுதான். ஓஃப்செட் கூடின சில்லு எடுத்தால் சில்லு வெளிய வரும், இல்லாட்டித் தடிப்பான ஹெக்ஸ், அதாவது அச்சில சில்லு பொருந்துற ஆறு பக்கத் துண்டு, போடலாம். நான் சில்லின் ஓஃப்செட்டைத்தான் விரும்புவன். ஹெக்ஸைத் தடிப்பாக்கினால் அச்சில நட் பிடிக்கிற புரி குறையும், எங்கட சீமெந்துத் தரையில அது நல்லதுக்கில்லை. எதைச் செய்தாலும் சோக்கட்டியால ஒருக்காப் பார்த்துட்டு வெட்டுங்கோ.

நிந்தவூர் ஆக்களே, தளம் எப்ப வெறுமையாகும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கோ, மட்டக்களப்பில இருந்து நாங்க ஒரு வான் பிடிச்சு வாறம். என்னிட்ட 26 மி.மீ. எட்டுக் கம்பி முன் சில்லு ஒரு சோடி மிச்சமாக் கிடக்கு. 12 மி.மீ. ஹெக்ஸ், குரோம் இல்லை, சாம்பல் நிறம். தேவையான ஆள் சொன்னால் வரேக்குள்ள கொண்டு வாறன்.