புதுப்பிப்பு: எமாமெக்டினுக்கு அடங்காத மக்காச்சோளப் படைப்புழு

எமாமெக்டின் என்கிற பூச்சிமருந்து அடித்தும் படைப்புழு சாகவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். புழுவுக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா என்று பலர் கேட்டீர்கள்.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி கட்டிவிட்டோம். அதில் விழுகிற அந்துப்பூச்சி எல்லாமே படைப்புழுவுடையது இல்லை. முன்சிறகு நுனியில் வெள்ளைத் திட்டு இருக்கிற ஆண் அந்துப்பூச்சியை மட்டும் எண்ணிக் குறிக்கிறோம். எண்ணிக்கை ஏறினால் இலையைப் புரட்டி முட்டைக் குவியல் தேடுகிறோம்.

குருத்தைப் பிரித்துப் பார்த்தால், பெரிய புழுக்கள் மரத்தூள் மாதிரி அடைத்துக் கிடக்கும் எச்சத்துக்கு அடியில் இருக்கின்றன. மருந்து அங்கே இறங்கவே இல்லை. அதனால் எங்கள் வயலில் எதிர்ப்புத்திறன் என்று இப்போதைக்கு அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் நியாயமானது: கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் இதே புழு குளோரான்ட்ரனிலிப்ரோல் என்கிற வேறொரு பூச்சிமருந்தையே தாங்கி நின்றிருக்கிறது.

மருந்து மாற்றுகிறவர்கள் தயவுசெய்து டப்பாவில் வேதிப்பெயரைப் படியுங்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருந்தும் உள்ளே அதே எமாமெக்டின் என்றால் அது மாற்றமே இல்லை. அடுத்த சுற்றுக்கு ஸ்பினிடோரம் என்கிற வேறு மருந்து எடுத்திருக்கிறோம், லிட்டர் தண்ணீருக்கு 0.5 மில்லி, புழு சின்னதாக இருக்கும்போதே, சாயங்காலம், குருத்துக்குள் விழுகிற மாதிரி. பலன் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.