லீஷன்: ‘மூளைப்புண்’ வேண்டாம், ‘ஊறுபாடு’ பொருந்துமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மூளைப் படிமங்களுக்கான சொற்பட்டியலில், திசு கெட்ட இடத்தைக் குறிக்கும் ‘லீஷன்’ (lesion) என்பதற்கு ‘மூளைப்புண்’ என்று எழுதலாம் என நண்பர் ஒருவர் முன்மொழிந்ததையும், மூவர் அதற்கு உடன்பட்டதையும் படித்தேன். எளிய சொல் என்பதால் அதன்மேல் விருப்பம் எழுவது இயல்பே. ஆயினும் அதை ஏற்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன். என் பெரியம்மாவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையை விளக்கிய உறவினர் ஒருவர், “மூளையில் நிறையப் புண் இருக்கிறதாம்” என்று சொல்லிவிட்டார். அறிக்கையில் இருந்தவையோ, முதுமையில் மிகப் பலருக்கு மூளையின் வெண்பொருளில் (நரம்பிழைகள் நிறைந்த வெண்ணிறப் பகுதியில்) தோன்றும் சிறு புள்ளிகள். புண் என்றதும் சீழும் குருதியும் கசிவதாகவே நம் மனம் எண்ணும். தன் தலைக்குள் ஏதோ புரையோடிக்கொண்டிருப்பதாக அவர் பல நாள் அஞ்சிக்கொண்டிருந்தார். மருத்துவர் விளக்கிய பிறகும் அந்தச் சொல்லை அவர் மறக்கவில்லை.

கதிரியல் மருத்துவர் ‘லீஷன்’ என்று எழுதும்போது, திசு இயல்பு நிலையிலிருந்து மாறிக் கெட்டிருக்கும் ஓர் இடத்தை மட்டுமே சுட்டுகிறார். காரணத்தை அவர் இன்னும் சொல்லவில்லை. பல வேளைகளில் அந்தக் கட்டத்தில் சொல்லவும் இயலாது. கடோலினியம் சேர்ந்த மருந்தைச் சிரை வழியாகச் செலுத்திப் படமெடுக்கும்போது, குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு சிதைந்த இடத்தில் மருந்து கசிந்து, ஓரம் மட்டும் மோதிரம்போல் ஒளிரும் ஓர் உருவம் தெரியலாம். அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். காசநோய்க் கட்டியாக இருக்கலாம். நாடாப்புழுவின் இளநிலை தங்கிய உறையாக இருக்கலாம். மூளையிலேயே தோன்றிய புற்றாகவோ வேறு உறுப்பிலிருந்து வந்து படிந்த புற்றாகவோ இருக்கலாம். நரம்பிழைகளின் மயலின் உறை அழிந்ததாலும் அவ்வாறு தெரியலாம். இத்தனைக்கும் பொதுவாக நிற்கும் சொல்லே நமக்கு வேண்டும். ‘கட்டி’ என்றால் வளர்ச்சி என்று முடிவு கட்டியாயிற்று. ‘காயம்’ அடிபட்டதைச் சொல்கிறது. ‘சிதைவு’ திசு அழிந்தே போயிற்று என்கிறது. வீக்கம் வடிந்தபின் சுவடின்றி மறையும் மாற்றங்களுக்கு அது பொருந்தாது. ‘வடு’ ஆறிப்போன ஒன்றையே குறிக்கும்.

நான் முன்வைப்பது ‘ஊறுபாடு’. லீஷன் என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ஊறு, தீங்கு என்பதே பொருள். அதனால் வேர்ப்பொருளும் ஒத்துப்போகிறது. இது நாம் புதிதாய்ப் புனையும் சொல்லும் அன்று. ‘மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின் ஊறுபாடு இல்லை உயிர்க்கு’ என்னும் 945ஆம் குறளில், அதுவும் மருந்து அதிகாரத்திலேயே, உடலுக்கு நேரும் கேட்டைக் குறித்து அது வந்திருக்கிறது. வெறும் ‘ஊறு’ போதாதா என்று கேட்கலாம். அதற்குத் தொடு உணர்வு என்ற பொருளும் உண்டு. ஊறுதல், ஊற்று என்னும் வினைவழிப் பொருள்களும் குறுக்கிடும். மூளையில் ஊறு என்றால் ஏதோ நீர் ஊறுவதாகவே முதலில் தோன்றும். ‘பாடு’ சேர்வதால் சொல் அருவமாகிவிடும், எண்ணிச் சொல்ல வராது என்ற ஐயமும் தேவையில்லை. வேறுபாடுகள், கோட்பாடுகள் என்று எண்ணுகிற நாம் ஊறுபாடுகளையும் எண்ணலாம். ‘விளிம்பொளிர் ஊறுபாடு’, ‘வெண்பொருள் ஊறுபாடுகள்’ என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி அமைகின்றன.

கலைச்சொல்லைத் தனியே வைத்துப் பார்க்காமல் அறிக்கை வாக்கியத்தில் இட்டுப் பார்ப்பதே சரியான சோதனை என்பது என் கருத்து. “இடது நெற்றி மடலில் விளிம்பொளிர் ஊறுபாடு ஒன்று காணப்படுகிறது, அதன் நடுப்பகுதியில் விரவல் தடைப்பட்டுள்ளது.” விரவல் என்று நான் இங்கே சொல்வது ‘டிஃப்யூஷன்’, அதாவது திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் அலைந்து நகர்வது. இந்த வாக்கியத்தைப் படிக்கும் மருத்துவர் சீழ்க்கட்டியை முதலில் நினைப்பார். சீழ் கெட்டியானது, அதற்குள் நீர் மூலக்கூறுகள் எளிதில் நகர முடியாது. உட்பகுதி அழிந்து நீர்த்துப்போன புற்றுக்கட்டியில் அவை பெரும்பாலும் தாராளமாக நகரும். இரண்டுக்கும் மருத்துவம் வெவ்வேறு என்பதால், எம்.ஆர்.ஐ. காட்டும் இந்த ஒரு வேறுபாட்டுக்கு மிகுந்த மதிப்புண்டு.

இங்கேதான் அடுத்த சொல்லும் வருகிறது. ‘டிஃப்யூஷன்’ என்பதற்குப் பட்டியலில் ‘பரவல்’ என்றிருக்கிறது. மேற்கண்ட வாக்கியத்தில் ‘பரவல் தடைப்பட்டுள்ளது’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். நோய்ப்பரவல், தொற்றுப்பரவல் என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய நோயாளி, நோய் பரவாமல் நின்றுவிட்டது என்று மகிழ்வார். உண்மையிலோ அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலையைச் சொல்லும் வாக்கியம். இயற்பியல் பாடநூல்களில் வழங்கும் ‘விரவல்’ அந்தக் குழப்பத்தைத் தராது. விரவுதல் என்றால் கலத்தல் ஆயிற்றே, நீருக்குள் நீர் அலைவது எப்படிக் கலத்தல் ஆகும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனாலும் மாணவர் ஏற்கெனவே படித்த சொல்லை விட்டு மருத்துவத்துக்கென்று வேறொன்றைப் படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

‘டிஃப்யூஷன்-வெயிட்டட் இமேஜ்’ என்பதற்கான ‘விரவல் எடையிட்ட படிமம்’ என்ற தொடரை மட்டும் மாற்ற வேண்டும். எடையிட்ட என்பதைப் படிப்பவர் தராசைத்தான் நினைப்பார். படிமத்தின் வெளிச்ச வேறுபாட்டில் விரவலின் பங்கு ஓங்கி நிற்கிறது என்பதே கருத்து. ஆகவே ‘விரவல் மேலோங்கு படிமம்’ என்கலாம். மேலோங்கு என்பதில் ஓர் உண்மையும் அடங்கியிருக்கிறது. அந்தப் படிமத்தில் விரவல் மட்டுமே இல்லை; டி2 என்னும் தளர்வு நேரத்தின் (திசு தரும் குறிகை மங்க எடுக்கும் நேரத்தின்) பங்கும் கலந்திருக்கும். விரவல் தடைப்படாமலேயே, டி2 நீண்டிருப்பதால் மட்டும் ஓர் இடம் வெண்மையாக ஒளிரக்கூடும். அதனால்தான் விரவலின் அளவை மட்டும் கணக்கிட்டுக் காட்டும் ‘தோற்ற விரவல் கெழு’ வரைபடத்தையும் உடன்வைத்துப் பார்க்கிறார்கள். முதற்படிமத்தில் வெளுத்தும் கெழு வரைபடத்தில் கறுத்தும் இருந்தால் தடை மெய்யானது.

பக்கவாதத்தில் இதன் பயன் இன்னும் பெரிது. 1990இல் மைக்கேல் மோஸ்லியும் உடன் பணியாற்றியவர்களும் பூனைகளின் மூளையில் காட்டியபடி, குருதி நின்ற சிறிது நேரத்திலேயே, மற்றப் படிமங்களில் ஏதும் தெரியாத நிலையிலும், விரவல் மேலோங்கு படிமத்தில் மாற்றம் புலப்படுகிறது. அதனோடு, திசுவுக்குள் குருதி பாயும் அளவைக் காட்டும் ஊடோட்டப் படிமத்தை ஒப்பிட்டால், ஓட்டம் குறைந்தும் இன்னும் இறவாத திசு, இறந்துகொண்டிருக்கும் உள்ளிடத்தைச் சூழ்ந்திருப்பது தெரியவரும். அந்தச் சூழிடத்தை ஆங்கிலத்தில் ‘பெனம்ப்ரா’ என்று, கிரகணத்தின் நிழற்பகுதிப் பெயரால் வழங்குகிறார்கள். நம் பாடநூல்களில் கிரகணத்துக்குக் கருநிழல், புறநிழல் என்ற சொற்கள் இருக்கின்றன. ‘புறநிழல் திசு’ என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காப்பாற்றக்கூடிய திசுவுக்கு இவ்வளவு அழகிய பெயர் கையருகே இருக்கும்போது நீண்ட விளக்கத் தொடர் எதற்கு?

எம்.ஆர்.ஐ.யின் நடுவெழுத்தான ரெசனன்சுக்குத் தமிழ்நாட்டில் ஒத்ததிர்வு என்றும் இலங்கையில் பரிவு என்றும் வழங்குகிறோம். இரண்டையும் பட்டியலில் அருகருகே வைப்பதே முறை. ஒன்றை நீக்கினால் ஒரு நாட்டு மாணவருக்குப் பட்டியல் அயலாகிவிடும்.

‘ஸ்பெக்ட்ராஸ்கோபி’ பற்றி எனக்கு உறுதியான முடிவு இல்லை. பட்டியலில் ‘காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல்’ என்றிருக்கிறது. ஊறுபாட்டிலுள்ள வேதிப்பொருள்களை அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டால் பிரித்தறியும் முறை இது. நரம்பணுக்கள் அழிந்தால் என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் என்னும் வேதிப்பொருளுக்குரிய முகடு வரைபடத்தில் தாழும், உயிரணுச் சவ்வுகள் விரைந்து உருவாகும் புற்றில் கோலினின் முகடு உயரும். இதில் நிறம் எங்குமே இல்லை. ‘அலைமாலை’ என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் ஒளியியலில் நிறமாலை வேரூன்றிவிட்ட நிலையில், ஒரே கருத்துக்குத் துறைதோறும் ஒரு சொல் என்று பிரிக்கலாமா என்பதை இயற்பியல் கற்பிக்கும் நண்பர்கள் சொல்ல வேண்டும்.