செஸ்ட்நட் குச்சியில் வேர் பிடிக்க வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். நன்றாகக் காய்க்கும் பெரிய செஸ்ட்நட் மரத்தின் கிளைகளிலிருந்து கொஞ்சம் குச்சி எடுத்தேன். வெட்டிவிட்ட இன்னொரு மரத்தின் அடிக்கட்டையில் துளிர்த்த போத்துகளிலிருந்தும் எடுத்தேன். இரண்டையும் ஒரே ஐபிஏ (வேர்விடத் தூண்டும் ஹார்மோன்) கரைசலில் முக்கி, ஒரே தட்டில் நட்டேன். கிளைக் குச்சிகளின் அடியில் வெள்ளையாகத் திசு புடைத்ததோடு சரி. அடிக்கட்டைப் போத்துகளில்தான் வேர் வந்தது.

காய்க்கும் வயதுக்கு வந்த மரத்தின் மேல்கிளைகள் வேர்விடும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. மரத்துக்கு எத்தனை வயதானாலும் அடித்தூரில் மட்டும் அந்த இளமை தங்கியிருக்கும். அதனால் குச்சியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதற்குத்தான் முதலிடம், ஹார்மோன் அதற்குப் பிறகுதான். வேர் வரவில்லையே என்று மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனால் குச்சியின் அடி கருகிப்போகும், அவ்வளவுதான்.

விதை போட்டாலே முளைக்கிற மரத்துக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு: செஸ்ட்நட் பெரும்பாலும் தன் மகரந்தத்தில் காய்க்காது, பக்கத்து மரத்தின் மகரந்தம் வேண்டும். அதனால் விதைக்கன்று தாய்மரம் போலவே இருக்கும் என்று நம்ப முடியாது. ஒட்டுக்கட்டினால் ரகம் மாறாதுதான். ஆனால் சில ஒட்டுகள் சேர்ந்தது போலவே வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து இணைப்பிலேயே பிரிந்துவிடும். சொந்த வேரில் நிற்கும் கன்றுக்கு அந்தப் பயம் இல்லை.

என் முறை இது. கோடையின் தொடக்கத்தில், பாதி முற்றிய தண்டாக எடுக்கிறேன். இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுவேன். அரை கிராம் ஐபிஏவை 50 மில்லி ஆல்கஹாலில் கரைத்து, தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்கினால் 5000 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 5000 பங்கு) கரைசல். அமில வடிவ ஐபிஏ தண்ணீரில் நேரடியாகக் கரையாது; பொட்டாசியம் உப்பு வடிவம் கரையும். ஐந்து விநாடி முக்கி, ஆல்கஹால் காய்ந்ததும் பெர்லைட் (எடை குறைந்த எரிமலைக் கனிமத் துகள்) கலவையில் நட்டு, மிஸ்ட் (பனி போன்ற நுண்துளி நீர்த்தெளிப்பு) போடுவேன். இலை உதிர்ந்த குச்சியின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. கரைசலைக் குளிர்ச்சியாக, இருட்டில் வையுங்கள், வெளிச்சத்தில் வீரியம் போய்விடும்.

* * *

நீங்கள் சொன்ன இளமை விஷயம் முழுக்க உண்மை. ஆனால் மிஸ்ட் வசதி இல்லாதவர்களுக்கு நான் மண் அணைத்துப் பதியம் போடுவதைத்தான் சொல்வேன். குச்சி தாயிடமிருந்து பிரியாமலே வேர் விடுவதால் வாடும் கவலையே இல்லை.

இலையுதிர்ந்த பருவத்தில் இளம் தாய்ச்செடியைத் தரையோடு வெட்டிவிடுகிறேன். வசந்தத்தில் போத்துகள் கிளம்பி, அடித்தண்டு கொஞ்சம் உறுதியானதும், ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய கம்பியை இறுக்கிக் கட்டுவேன். இலையிலிருந்து இறங்கும் சத்து அந்த இடத்தில் தேங்கும். கம்பிக்கு மேலே பட்டையை லேசாகச் சுரண்டி, ஐபிஏ கலந்த பசையைத் தடவி, ஈர மரத்தூளால் மூடிவிடுவேன். போத்து உயர உயர மரத்தூளையும் ஏற்ற வேண்டும். வெளிச்சம் படாத தண்டு வெளுத்து மென்மையாக இருக்கும், வேர் கிளம்ப அது நல்லது. அடுத்த குளிர்காலத்தில் மரத்தூளை விலக்கி, வேரோடு வெட்டி எடுக்கலாம். மரத்தூள் ஒருமுறைகூடக் காயக்கூடாது, இந்த வேலையில் பெரும்பாடு அதுதான்.

ஐரோப்பாவில் வேரழுகல் நோயைத் தாங்குவதற்காக உருவாக்கிய மரிகூல், மரவால் போன்ற கலப்பினங்களையும் பதியத்தில் பெருக்குகிறார்கள். ஐரோப்பிய, ஜப்பானிய செஸ்ட்நட்டுகளின் கலப்பு அவை. இனத்துக்கு இனம் வேர்விடும் குணம் வெகுவாக மாறும், ஒருவருடைய அளவு இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது.

* * *

இருவருக்கும் நன்றி. வேர் வந்த பிறகு நடப்பதை யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் பெரிய பாடம்.

வேர் பிடித்த செஸ்ட்நட் குச்சி அந்தக் கோடையில் புதுத்தளிர் விடாமல் உறங்கப் போய்விட்டால், வசந்தத்தில் அது எழுவது அரிது. உள்ளே சேமித்த சத்து போதாது. அதனால் சீக்கிரமே குச்சி எடுத்து, வேர் வந்ததும் விளக்கு வைத்துப் பகல் நேரத்தை நீட்டி, ஒரு தளிராவது விட வைக்கிறேன். இலையுதிர்ந்த கன்றைத் தொட்டி மாற்றவே மாட்டேன், வேர்கள் தடித்து, தொட்டாலே முறியும் பதத்தில் இருக்கும். குளிர்காலம் முழுக்க உறையாத குளிரில், லேசான ஈரத்தில் அப்படியே விட்டுவிடுவேன்.

இன்னொன்று. 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குப் பூங்காவில் கண்டறியப்பட்ட பட்டைநோய் அமெரிக்க செஸ்ட்நட் காடுகளையே அழித்தது. ஆனால் அந்தப் பூஞ்சணம் மண்ணுக்குள் இருக்கும் வேரைக் கொல்வதில்லை. அதனால் பல அடிக்கட்டைகள் இன்றும் துளிர்க்கின்றன. முதலில் எழுதியவர் சொன்ன அதே இளம் போத்துகள்தாம் அவை. அப்படிப்பட்ட இடத்தில் குச்சி எடுப்பவர்கள் ஒவ்வொரு கட்டைக்கும் கத்தியை ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். பட்டையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளோ வெடிப்போ இருந்தால் அந்தக் கட்டையில் கை வைக்க வேண்டாம்.

பசை முறையில் ஐபிஏ எவ்வளவு கலக்கிறீர்கள்? இந்தக் குளிர்காலத்தில் நானும் ஒரு தாய்ச்செடியை வெட்டப் போகிறேன்.